‘அப்பாகிட்ட போனைக் குடுங்க’: காரைக்குடிப் பக்கம் வேலை வாங்கித் தருவதாகச் சொல்பவர்களைப் பற்றி

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் படித்த பிள்ளையை வேலையில்லாமல் வீட்டில் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். ‘வேலை உறுதி’ என்று சொல்லி ஓர் அலுவலகம் எங்களிடம் 48,740 ரூபாய் வாங்கியது. நுகர்வோர் ஆணையத்தில் எங்கள் மனு நிலுவையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. போட்டாலும் பெரிய பயன் இருக்காது, அதற்குள் போர்டை மாற்றிவிட்டார்கள். ஆனால் அவர்கள் வலை விரிக்கும் விதம் மாறாது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் எங்கள் வீட்டுக் கணக்கு. வீட்டுக்காரர் தனியார் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பி.எஃப். பென்ஷன் இரண்டாயிரத்துச் சொச்சம். இப்போது கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டுக்குக் காவல் இருக்கிறார். அந்த வீட்டுக்காரர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படையல்) என்றால்தான் முகப்புக் கதவு திறக்கும். நான் கோட்டையூரில் ஒரு ஆச்சி பலகாரம் போட்டு விற்கும் இடத்தில் தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை சுடுகிறேன். தீபாவளிக்கு முன்னாலும் முகூர்த்த மாதங்களிலும் கை ஓயாது. ஆடியிலும் மார்கழியிலும் ஆச்சியே ‘நாளைக்கு வர வேணாம்’ என்பார்கள். உரிமைத்தொகை ஆயிரம், ரேஷன் அரிசி. இதற்குள் சின்னவளின் பன்னிரண்டாம் வகுப்பும் இருக்கிறது.

மூத்தவன் 2021-இல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தான். வீட்டில் இருக்கும் பிள்ளைக்குச் சோறு மட்டும்தான் செலவு என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். வேலை தேடுவதற்கே காசு வேண்டும். போன் ரீசார்ஜ், தேர்வுக் கட்டணம், ஸ்ரீபெரும்புதூர் இன்டர்வியூ என்றால் பல்லவன் ரயிலுக்கு டிக்கெட், அங்கே ஒரு ராத்திரி தங்க இடம், ஒரு நல்ல சட்டை. அரசு தரும் வேலையில்லாதோர் உதவித்தொகையை விசாரித்தோம். பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பதிந்து ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000-க்குள் இருக்க வேண்டும். அதிலும் இன்ஜினீயரிங் மாதிரி தொழிற்படிப்பு படித்தவர்களுக்குக் கிடையாது. சரி, அது அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு செல்போன் கடை மாடியில் இருந்த அந்த அலுவலகத்திலிருந்து போன் வந்தது. போய்ப் பார்த்தால் குளுகுளு அறை, பிள்ளையார் சிலை, சுவர் முழுக்க மாலை போட்ட பையன்களின் போட்டோ. ஒரு படிவம் கொடுத்தார்கள். பையனின் மார்க்குக்கு ஒரே ஒரு கட்டம். மீதியெல்லாம் எங்களைப் பற்றி: அப்பா என்ன செய்கிறார், சம்பளமா பென்ஷனா, எந்தத் தேதியில் வரும், சொந்த வீடா வாடகையா, அவசரத்துக்கு உதவும் உறவினர் யார், அவர் போன் நம்பர். லோன் படிவம் மாதிரி இருக்கிறதே என்று வீட்டுக்காரர் கேட்டார். ‘பெரிய கம்பெனிகள்ல ஃபேமிலி பேக்ரவுண்ட் பார்ப்பாங்க சார்’ என்றான் மேனேஜர்.

பணம் கேட்ட விதத்தைக் கவனியுங்கள். ஒரேயடியாக அரை லட்சம் கேட்டிருந்தால் எந்த வீட்டிலும் எழுந்து வந்துவிடுவார்கள். முதலில் பதிவுக்கு 2,500. அப்புறம் பயிற்சிக்கு 18,000, அதற்கு ஜி.எஸ்.டி. 3,240. கடைசியில் ‘கம்பெனி டெபாசிட், ஆறு மாசத்துல திரும்ப வந்துரும்’ என்று 25,000. ஒவ்வொரு போனும் பென்ஷன் விழுந்த மறுநாளோ அதற்கு மறுநாளோதான் வந்தது. டெபாசிட்டுக்கு என் வளையல் கூட்டுறவு சங்கத்துக்குப் போனது.

ரசீதைப் பிற்பாடு எங்கள் தெருவில் கணக்கு எழுதும் ஒருவரிடம் காட்டினோம். அவர் காட்டிய விஷயங்கள் எல்லாருக்கும் உதவும். ஜி.எஸ்.டி. வாங்குகிறவர் ரசீதில் தன் பதிவு எண்ணைப் போட்டே ஆக வேண்டும். அது பதினைந்து இலக்கம், தமிழ்நாட்டுப் பதிவென்றால் 33 என்று தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது என்று வந்துவிடும். எங்கள் ரசீதில் எண்ணே இல்லை. அந்த 3,240 யார் பைக்குப் போனதோ! அதைவிடப் பெரிய சூது ஒன்று: எந்தத் தாளிலும் ‘வேலை’ என்ற வார்த்தை இல்லை. ‘பயிற்சிக் கட்டணம்’ என்று மட்டும் இருந்தது, கீழே பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், திருப்பித் தரப்படாது என்று. நாளைக்குக் கேட்டால் ‘பயிற்சி கொடுத்துட்டோமே’ என்று சொல்லிவிடலாம். பணமும் கம்பெனிக் கணக்குக்குப் போகவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் ஜிபே நம்பருக்குப் போனது.

சர்ட்டிபிகேட்டுகளையும் ‘சரிபார்க்க’ என்று ஒரிஜினலாக வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பையனைச் சென்னைக்கு அனுப்பினார்கள். வேளச்சேரிப் பக்கம் ஹாஸ்டல் வாடகையும் சாப்பாடுமாக மாதம் ஒன்பதாயிரம் நாங்கள் அனுப்ப வேண்டியிருந்தது. முதல் மூன்று மாதம் ‘ட்ரெய்னிங் பீரியட்’, சம்பளம் கிடையாது. ஏமாந்த தொகை 48,740 என்றேனே, இந்த ஹாஸ்டல் செலவு அந்தக் கணக்கிலேயே வராது. மளிகைக் கடைக்காரர் பாக்கி நோட்டை எடுத்து முன்னால் வைக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

அவனுக்கு அங்கே என்ன வேலை தெரியுமா? மெக்கானிக்கல் படித்த பிள்ளையின் கையில் ஒரு போனையும் ஒரு பட்டியலையும் கொடுத்து, வேறு மாவட்டங்களில் வேலை தேடும் பிள்ளைகளை அழைக்கச் சொன்னார்கள். ‘உங்க ப்ரொஃபைல் ஷார்ட்லிஸ்ட் ஆகியிருக்கு’ என்று தொடங்க வேண்டும். பேச வேண்டியதை அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளை அவன் போட்டோ எடுத்து அனுப்பினான், இப்போதும் என் போனில் இருக்கிறது. நாலாவது வரி: ‘அப்பாகிட்ட போனைக் குடுங்க.’ அதற்குக் கீழே, அப்பா ரிட்டயர்டு என்றால் இப்படிப் பேசு, அம்மா எடுத்தால் ‘நம்ம பிள்ளை’ என்று சொல்லு, கல்யாண வயதில் தங்கச்சி இருந்தால் அதைக் கேள் என்று தனித்தனியாக இருந்தது. எங்களிடம் அந்த மேனேஜர் உருகி உருகிப் பேசியதெல்லாம் வரி பிசகாமல் அதில் இருந்தது. வேலையில்லாத பையனிடம் ஐம்பது ரூபாய்கூட இருக்காது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் குறி வைப்பது பெற்றவர்களின் பி.எஃப்., நகை, ‘இன்னும் சும்மாதான் இருக்கானா?’ என்ற சொந்தக்காரர்களின் கேள்வி, இதையெல்லாம்தான்.

தாளைப் படித்துப் பார்த்த அன்றைக்கே ‘அம்மா, நான் இதைப் பேச மாட்டேன்’ என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டான். நாலு வருஷமாக வேலைக்கு ஏங்கியவன் வேலை என்று வந்ததை உதறிவிட்டு வந்ததில் எனக்குப் பெருமைதான். சொந்தக்காரர்கள் பேசியதை இங்கே எழுதவில்லை.

கதை அத்தோடு நிற்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கப் போன இடத்தில், ‘சென்னை செட் ஆகலைன்னா விடுங்கம்மா, சிங்கப்பூர் எஸ் பாஸ் இருக்கு. மூணு லட்சம். பாதி இப்ப, பாதி ஃப்ளைட் ஏறும்போது’ என்றான் அந்த மேனேஜர். எஸ் பாஸ் என்பது அங்கே வேலை பார்ப்பதற்கான ஓர் அனுமதி. நம் ஊரில் கடல் தாண்டிப் போவது மூன்று தலைமுறைப் பழக்கம், அதனால் சிங்கப்பூர் என்றால் காது தானாகத் திறந்துகொள்ளும். அதுவும் அவனுக்குத் தெரியும். நாத்தனார் மகன் அங்கே கப்பல் பட்டறையில் இருக்கிறான். போன் போட்டதும், ‘அத்தை, ஒரு பைசா குடுக்காதீங்க’ என்றான். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப 1983-ஆம் வருடச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் யார் யார் என்று இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். அவர்களும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். சிங்கப்பூர் ஏஜென்ட் தொழிலாளியிடம் எவ்வளவு வாங்கலாம் என்பதற்கும் அந்த நாட்டுச் சட்டத்தில் வரம்பு இருக்கிறது: ஒப்பந்தத்தின் ஒரு வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படிப் பார்த்தாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது. அனுமதிக் கடிதம் என்று எதையாவது காட்டினால், அது உண்மையா என்று அங்குள்ள மனிதவள அமைச்சின் இணையதளத்திலேயே பார்க்கலாம். இந்த ஆளின் பெயர் இ-மைக்ரேட்டில் இல்லை.

மறுத்ததும் சர்ட்டிபிகேட்டைப் பிடித்துக்கொண்டான். ‘பாண்ட் முறிச்சதுக்கு 15,000 கட்டிட்டு வாங்கிட்டுப் போங்க’ என்று மிரட்டல். காணாமல் போனதாகச் சொல்லி டூப்ளிகேட் வாங்கிக்கொள் என்று சிலர் யோசனை சொன்னார்கள். அது காணாமல் போகவில்லையே, அவன் மேஜை டிராயரில் அல்லவா இருக்கிறது! காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினோம். ரசீதைக் கேட்டு வாங்குங்கள், வாயால் சொல்லிவிட்டு வந்தால் ஒன்றும் நடக்காது. ஏட்டையா ஒரு போன் போட்டார், அன்று சாயங்காலமே ஃபைல் வந்துவிட்டது. பணம் வரவில்லை.

ஜிபேயில் அனுப்பிய உடனே சந்தேகம் வந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். தாமதிக்காமல் சொன்னால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. எங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. அதனால் சிவகங்கையில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வீட்டுக்காரரே தமிழில் எழுதினார். ரசீதுகள், ஜிபே விவரம், அந்த அச்சடித்த தாளின் போட்டோ எல்லாம் இணைத்திருக்கிறோம். எதிர்த்தரப்பு இன்னும் ஆஜராகவில்லை.

பையன் இப்போது செக்காலை ரோட்டில் ஒரு பம்பு செட் ரிப்பேர் கடைக்குப் போகிறான். சம்பளம் குறைவுதான், சனிக்கிழமை தவறாமல் கைக்கு வருகிறது. வளையல் இன்னும் சங்கத்தில்தான்.

‘பயிற்சிக் கட்டணம்’ என்று மட்டும் எழுதி, ஜி.எஸ்.டி. எண் இல்லாத ரசீது இந்தப் பக்கம் வேறு யாரிடமாவது இருந்தால் கிழித்துப் போடாதீர்கள். இரண்டு வருஷம் ஆகவில்லை என்றால் நீங்களும் சிவகங்கைக்கு ஒரு மனு அனுப்புங்கள்.