ராத்திரி டர்ஃப், ஞாயிறு கிராவல்: கிருஷ்ணகிரி பைபாஸ் டர்ஃபை நம்பி டிவிஷன் ஏறலாமா?

ஃபுட்பால் லீக்கில் பாதி ஆட்டம் முடிந்துவிட்டால் எல்லா கிளப்பிலும் ஒரே பேச்சுதான். மேல் டிவிஷனுக்கு ஏறுவோமா, இல்லை இன்னொரு வருஷம் இங்கேயேதானா? புள்ளிப் பட்டியலை போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே யாராவது ஒருவர் ஆரம்பிப்பார்: "வாரத்துல ரெண்டு ராத்திரி டர்ஃப் எடுத்துப் பிராக்டிஸ் பண்ணா போதும்ணா, மிச்ச மேட்ச் எல்லாம் நம்மளுதுதான்." அப்படிச் சொல்கிறவர்களுக்கும் அதற்குக் காசு வசூல் பண்ணுகிறவர்களுக்கும்தான் இந்த விமர்சனம். கிருஷ்ணகிரி பைபாஸை ஒட்டி இருக்கும் ஒரு டர்ஃபைப் பற்றியது. டர்ஃப் என்றால் சுற்றிலும் நெட் கட்டி, மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் செயற்கைப் புல் தரை. பெயர் வேண்டாம். இங்கே சொல்வதில் முக்கால்வாசி தர்மபுரி, ஓசூர் பக்கத்து டர்ஃபுகளுக்கும் அப்படியே பொருந்தும்.

முதலில் அளவு. நெட்டுக்கு நெட்டு ஏறக்குறைய 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். 100-க்கு 64 மீட்டர் முழு மைதானத்தோடு ஒப்பிட்டால் எட்டில் ஒரு பங்கு. கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். ஞாயிற்றுக்கிழமை லீக் மேட்ச் நடக்கும் கிராவலில், அதாவது சரளை மண் மைதானத்தில், நீங்கள் நிற்கப்போகும் கோல் 7.32 மீட்டருக்கு 2.44. பரப்பில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு. மேலேயும் நெட் கட்டியிருப்பதால் தூக்கி அடித்த பந்து பாதியிலேயே செத்து விழுகிறது. கோல் கிக், லாங் பால், கிராஸ், ஆஃப்சைடு லைன் எதுவும் இங்கே பழக முடியாது. கிராவல் தரையில் நடக்கும் கீழ் டிவிஷன் மேட்ச்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கோல் விழுவதே இதில்தான். நீளமாக அடித்த பந்து ஒரு கல்லில் பட்டுத் திசை மாறும், ஸ்டாப்பர் பேக் கால் நீட்டித் தவறவிடுவார், பின்னால் வந்தவர் தட்டிவிடுவார். இந்த டர்ஃபில் பந்து திசை மாறுவதே இல்லை.

இருந்தும் ஒரு வழி உண்டு. முழு மைதானத்தின் பெனால்டி பாக்ஸ் 40.32 மீட்டர் அகலம், 16.5 மீட்டர் ஆழம். டர்ஃபின் நீளம் 40, அகலம் 20. அதாவது, டர்ஃபைக் குறுக்காகத் திருப்பிப் போட்டால் மொத்தமும் ஒரு பெனால்டி பாக்ஸ்! நீளப் பக்க நெட்டின் நடுவில் 7.32 மீட்டர் இடைவெளி விட்டு இரண்டு கோன் வையுங்கள். டேப் இல்லையென்றால் சின்ன கோல் போஸ்டின் அகலத்தைக் கயிற்றில் அளந்து, இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் குறைத்தால் சரியாக வரும். பெனால்டி புள்ளி 11 மீட்டரில். நான்கு டிஃபென்டர், நான்கு அட்டாக்கர், ஒரு கீப்பர். மூலையில் நிற்பவர் காலால் அடிக்காமல் கையால் எறியட்டும், மேல் நெட்டில் படாது. பாக்ஸுக்குள் யார் யாரைப் பிடிக்கிறார்கள், முதல் பந்தைத் தட்டிய பிறகு இரண்டாவது பந்துக்கு யார் ஓடுகிறார்கள் என்பதை இப்படி 20 நிமிஷம் பழகினால் கொடுத்த வாடகைக்குப் பிரயோஜனம். ஐந்துக்கு ஐந்து போட்டு சிரித்துக்கொண்டே ஆடிவிட்டு வந்தால் உடம்பு வேர்க்கும், அவ்வளவுதான்.

தரைக்கு வருவோம். இந்த வட்டாரத்தில் ஜல்லிக்கும் கிரஷர் தூளுக்கும் பஞ்சமே இல்லை. அடித்தளம் நன்றாகத்தான் போட்டிருக்கிறார்கள். மழை விட்டு அரை மணியில் தண்ணீர் இறங்கிவிடுகிறது. பிரச்சினை மேலே. கோல் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து செயற்கைப் புல்லின் நாரை விரலால் பிரித்துப் பாருங்கள். ஓரத்தில், நாருக்கு நடுவே கொட்டும் கறுப்பு ரப்பர் மணி தளதளவென்று நிறைந்திருக்கிறது. நாரின் நுனி ரப்பருக்கு மேலே ஒன்றரை செ.மீ. போல நிமிர்ந்து நிற்கிறது. கோல் முன்னாலும் சென்டரிலும் மணியே இல்லை. மணல் இறுகிக் கல்லாகி, நார் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடக்கிறது. காலால் தேய்த்துத் தேய்த்து மணி ஓரத்துக்கும் நெட்டுக்கு வெளியேயும் போய்விட்டது. படுத்த நாரில் ஷூ ஒரு திசையில் வழுக்கும், எதிர்த்திசையில் பிடித்துக்கொள்ளும். திரும்பும்போது பாதம் நின்றுவிட்டு உடம்பு மட்டும் திரும்பினால் முட்டி போய்விடும். சீசன் பாதியில் ஒரு ஸ்ட்ரைக்கரின் முட்டி போனால் புள்ளிக் கணக்கெல்லாம் வீண். நாரை எதிர்த்திசையில் பிரஷ் போட்டு நிமிர்த்த வேண்டும், குறைந்த இடத்தில் மணி கொட்ட வேண்டும். வாரம் ஒரு தடவையாவது செய்ய வேண்டிய வேலை இது. இங்கே பிரஷ் போடுகிறார்கள், மணி கொட்டுவதில்தான் கஞ்சத்தனம்.

துள்ளலைச் சோதிக்கக் கருவி வேண்டாம். சின்ன கோலின் குறுக்குக் கம்பி தரையிலிருந்து 2 மீட்டர். பந்தின் அடிப்பாகம் கம்பிக்குச் சமமாக இருக்கும்படி பிடித்து, கீழே விடுங்கள். ஃபிஃபா குவாலிட்டி சான்றுக்குச் செயற்கைப் புல்லில் 60 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை எழும்பலாம். 1 மீட்டர் என்றால் போஸ்டின் சரிபாதி. அதைத் தாண்டினால் தரை இறுகிவிட்டது. இந்த டர்ஃபில் ஓரம் தேறுகிறது, கோல் முன்னால் தேறவில்லை.

பந்து அவர்களே தருகிறார்கள். வாங்காதீர்கள். இதே நெட்டுக்குள் ஆடும் பாக்ஸ் கிரிக்கெட்டுக்கு நடுவில் மூலையில் கிடந்து வெயில் தின்ற பந்து அது. மேட்ச் பந்தையே கொண்டுபோங்கள்: 5-ஆம் நம்பர், சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். காற்றழுத்தம் 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ வரை விதியில் இடமுண்டு. டர்ஃபில் 11 வைக்கலாம்; கிராவலில் 9-ஐத் தாண்டினால் பந்து குரங்கு மாதிரி குதிக்கும். ஊசியில் ஒரு சொட்டு கிளிசரின் தடவிவிட்டு ஏற்றுங்கள், வால்வு கிழியாது. பந்துக்குள் காற்று நிற்கும் பைதான் பிளாடர்; லேடெக்ஸ் பிளாடர் பந்து ஒரே இரவில் காற்று இறங்கும். பியூட்டைல் ரப்பர் பிளாடர் என்றால் நாள்கணக்கில் நிற்கும். கிராவலில் தையல் நூல் சீக்கிரம் அறுந்துபோகும் என்று பல கிளப்பில் ரப்பர் பந்தில் பிராக்டிஸ் பண்ணுகிறார்கள். அந்தச் சிக்கனம் தப்பில்லை. ஆனால் மேட்சுக்கு முந்தைய வாரம் முழுக்கத் தையல் பந்துதான்.

ஷூவில் பலர் ஏமாறுகிறார்கள். ஷூ அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நீளமான பிளேடு ஸ்டட் டர்ஃபில் ஆழமாகக் குத்திப் பிடிக்கும், முட்டிக்கு ஆகாது. கிராவலிலோ ஒரே மாதத்தில் தேய்ந்து மொட்டையாகிவிடும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஜோடிதான் வாங்க முடியும் என்றால், அடியில் நிறைய குட்டை ரப்பர் குமிழ் இருக்கும் டர்ஃப் ஷூவை வாங்குங்கள். மழை பெய்து கிராவல் சேறானால் மட்டும் வழுக்கும். சறுக்கி விழுந்து தோல் உரிந்தால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதில் ஒட்டும் மணலும் ரப்பர்த் தூளும் உள்ளேயே இருந்தால் இரண்டு நாளில் சீழ் வைக்கும்.

விளக்கு பரவாயில்லை ரகம். எல்இடி வெளிச்சம் போதுமான அளவு இருக்கிறது. கம்பம்தான் உயரம் போதவில்லை. மேலே வரும் பந்தைப் பார்க்கத் தலை தூக்கும் கீப்பருக்கு நேராகக் கண்ணில் அடிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஈசல் வேறு. விளக்கைச் சுற்றி மொய்த்து, இறக்கை உதிர்ந்து, தரையெல்லாம் கண்ணாடிப் பொடி தூவியது போல மினுங்கும். அதன் மேல் ஓடினால் வழுக்கும். அந்த நாளில் அரை மணி விளக்கணைத்துப் பெருக்கச் சொல்லுங்கள், பெருக்குகிறார்கள்.

நேரம் பெரிய தலைவலி. உங்களுக்கு முன்னால் கிரிக்கெட் ஸ்லாட். 8 மணி என்று புக் பண்ணிப் போய் நின்றால் "லாஸ்ட் ஓவர்ணா, ஒரே ஓவர்" என்று கெஞ்சுவார்கள். அந்த ஓவர் 8.10 வரை போகும். கோன் வைத்து, உடம்பு சூடாக்கிப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் உருப்படியாகக் கிடைப்பது 40 நிமிஷம். மணிக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நிமிஷத்துக்கு 25 ரூபாய். ஒன்றரை மணி நேரமாக எடுத்தால் 1,500-க்கு 70 நிமிஷம் கிடைக்கும், நிமிஷம் 21-ஐ ஒட்டி வரும். உடம்பு சூடாக்குவதை வெளியே பார்க்கிங்கிலேயே முடித்துவிடுங்கள், இடம் தாராளம்.

இனி உண்மையான கேள்வி. இங்கிலாந்தில் சட்டன் யுனைடெட் 2021-லும் புரோம்லி 2024-லும் ஐந்தாம் அடுக்கான நேஷனல் லீக்கிலிருந்து மேலே ஏறினார்கள். இரண்டு கிளப்புக்கும் சொந்தத் தரை செயற்கைப் புல். பழகியதும் அதில், உள்ளூர் மேட்ச் ஆடியதும் அதில். மேலே உள்ள லீக்கில் செயற்கைப் புல்லுக்கு அனுமதி இல்லை என்பதால் ஏறிய கையோடு அதைப் பிய்த்துப் போட்டுப் புல் வளர்த்தார்கள். நம் கதை தலைகீழ். செவ்வாய் ராத்திரி ரப்பர் மணி மேல், ஞாயிறு காலை கிராவலில். காலுக்குத் தெரிந்த தரை வேறு, ஆடும் தரை வேறு. டர்ஃபிலேயே பழகிய கிளப் மேட்சில் முதல் இருபது நிமிஷம் பந்தை நிறுத்தவே தடுமாறும். கீழ் டிவிஷனில் மேட்ச் கைவிட்டுப் போக அந்த இருபது நிமிஷம் போதும்.

ஏறும் கணக்கையும் பட்டியலைப் பார்த்து மட்டும் போடாதீர்கள். உதாரணத்துக்கு 12 அணி, ஆளுக்கு 11 ஆட்டம். 6 ஆட்டத்தில் நீங்கள் 11 புள்ளி, உங்களுக்கு மேலே இருப்பவர்கள் 12. சராசரியை நீட்டினால் உங்களுக்கு 20 வரும், அவர்களுக்கு 22. அது சோம்பேறிக் கணக்கு. மிச்ச 5 ஆட்டத்தில் எதிரி யார் என்று எழுதுங்கள். பட்டியலின் மேல் பாதி அணியோடு என்றால் ஆட்டத்துக்கு 1 புள்ளி, கீழ் பாதி என்றால் 2 என்று உத்தேசமாகப் போடுங்கள். உங்களுக்கு மேல் பாதி 1, கீழ் பாதி 4 என்றால் 9 சேர்ந்து 20. அவர்களுக்கு மேல் பாதி 4, கீழ் பாதி 1 என்றால் 6 சேர்ந்து 18. பின்னால் நிற்பவர்கள்தான் உண்மையில் முன்னால். ஆடாத ஆட்டம் கையில் இருக்கிறது என்று சந்தோஷப்படுகிறவர்கள், அது எந்த வாரம், யாரோடு என்று பார்த்துவிட்டுச் சந்தோஷப்படட்டும். புள்ளி சமமானால் கோல் வித்தியாசமா, நேருக்கு நேர் முடிவா என்று விதித் தாளை இப்போதே படியுங்கள். நிறையப் புள்ளி எடுத்தால் மட்டும் போதாது என்பதற்கு 2022-23 நேஷனல் லீக்கே சாட்சி. நாட்ஸ் கவுன்டி 107 புள்ளி எடுத்தும் நேராக ஏற முடியவில்லை, ரெக்ஸம் 111 எடுத்துவிட்டது. நாட்ஸ் கவுன்டி, முதலிடம் தவறிய அணிகளுக்கான பிளே-ஆஃப் ஆடித்தான் ஏறியது.

அதைவிடப் பெரிய கணக்கு, ஆள் கணக்கு. ஓசூர் கம்பெனிகளில் ஷிப்டுக்குப் போகும் பையன்கள் எந்த அணியில் எத்தனை பேர்? செகண்ட் ஷிப்ட் வாரத்தில் அவர்கள் ராத்திரி டர்ஃபுக்கு வரவே முடியாது. கல்லூரிப் பையன்களுக்கு செமஸ்டர். பொங்கலை ஒட்டி எருது விடும் விழா தொடங்கிவிட்டால் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்ப் பையன்கள் எந்த ஞாயிறு எங்கே இருப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. தை மாதத்தில் 11 பேரை முழுசாக இறக்கும் கிளப், அழகாக பாஸ் ஆடும் கிளப்பைத் தாண்டிப் போய்விடும். ஒவ்வொரு ஞாயிறுக்கும் வர முடிந்த பேரை முன்கூட்டியே நோட்டில் எழுதி வைப்பதற்கு வாடகை இல்லை.

ஆக, எங்கள் தீர்ப்பு: கீப்பருக்கும் பாக்ஸ் டிஃபென்ஸுக்கும் வாரம் ஒரு ராத்திரி, ஒன்றரை மணி நேரம். அதற்கு மட்டும் எடுங்கள். இரண்டாவது ராத்திரிக்கு ஒதுக்கும் காசில் இரண்டு நல்ல தையல் பந்து வாங்கி, விடிகாலை ஆறு மணிக்கு மேட்ச் ஆடும் கிராவலிலேயே லாங் பால் பழகுங்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் பாக்ஸ் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் கொடுக்கட்டும். பதினொரு பேர் ஃபுட்பாலுக்கு எங்கள் மதிப்பெண் இரண்டரை.

புக் பண்ணும்போது எந்த நாள் பிரஷ் போடுகிறார்கள் என்று கேட்டு, அன்றைய ராத்திரி ஸ்லாட்டையே பிடியுங்கள், நார் நிமிர்ந்திருக்கும். கோல் முன்னால் இரண்டு பக்கெட் மணி கொட்டச் சொல்லி அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள், பணம் கைமாறிய பிறகு யாரும் கொட்ட மாட்டார்கள். ஞாயிறு மேட்ச் என்றால் சனி ராத்திரி ஸ்லாட் இலவசமாகவே கொடுத்தாலும் வேண்டாம்.