துரும்பன் பூனையும் கௌதாரியும்

முள்ளும் புதரும் மண்டிய வறண்ட நிலத்தில் இரண்டையும் பார்க்கலாம். துரும்பன் பூனை இந்தியா, இலங்கை, நேபாளம் தவிர வேறெங்கும் இல்லை. உலகின் மிகச் சிறிய பூனைகளில் ஒன்று. முழுதாக வளர்ந்தாலும் எடை ஒன்றரைக் கிலோ அளவுதான். கௌதாரி கால் கிலோவுக்குச் சற்றுக் கூடுதல்.

கௌதாரிக்குப் பகல், பூனைக்கு இரவு. கௌதாரி காலால் மண்ணைக் கிளறி விதையும் கறையானும் பொறுக்கும். ஆபத்து என்றால் முதலில் ஓட்டம்தான். வேறு வழியே இல்லாதபோது படபடவென்று எழும்பிக் கொஞ்சதூரம் போய் இறங்கிவிடும். தரைப்பறவை என்கிறோம், ஆனால் பொழுது சாய்ந்தால் தாழ்ந்த முள்மரத்தில் ஏறித்தான் அடையும். துரும்பன் பூனையும் மரமேறுவதில் படுகெட்டி. எலி, பல்லி, சிறு பறவை எல்லாம் அதன் இரை.

பூனைக்குட்டி கண் மூடியபடி பிறக்கும், ஈற்றுக்கு ஒன்று முதல் மூன்றுதான். கௌதாரிக் குஞ்சோ பொரித்த கொஞ்ச நேரத்திலேயே தாய் பின்னால் ஓடும்.

கௌதாரிக்கு அதன் குரலே எமன். கூண்டில் ஒரு பழக்கிய கௌதாரியைக் கூவவிட்டால், சண்டைக்கு வரும் காட்டுக் கௌதாரிச் சேவல் கண்ணியில் விழும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் இரண்டையும் வேட்டையாடுவது குற்றம். ஆனாலும் எனக்குப் பூனையை நினைத்தால்தான் அதிகக் கவலை. அது அச்சுறுத்தலை நெருங்கும் இனம், அதாவது அழியும் ஆபத்துக்குப் பக்கத்தில் நிற்பது. சாலையில் வண்டியில் அடிபட்டும் சாகிறது.