பேய் தேட வின்செஸ்டரா, மிர்ட்டில்ஸா?

ராத்தங்கல்: கலிபோர்னியாவின் வின்செஸ்டர் மாளிகையை வழிகாட்டியோடு சுற்றிவிட்டுக் கிளம்பவேண்டியதுதான். லூசியானாவின் மிர்ட்டில்ஸ் பழைய பண்ணைவீடு, இப்போது தங்கும் விடுதி; அங்கே அறையெடுத்து, விடியும்வரை ரெக்கார்டரை ஓடவிடலாம்.

கதை: மிர்ட்டில்ஸ் வராந்தாவில் 1871-இல் அங்கே வசித்த வில்லியம் வின்டர் சுடப்பட்டது நிஜம். பச்சைத் தலைப்பாகை கட்டிய அடிமைப்பெண் க்ளோயிக்கோ பதிவே கிடையாது. அவள் ஆவி என்று போட்டோ காட்டுவார்கள், மயங்கிவிடாதீர்கள்! வின்செஸ்டர் துப்பாக்கியால் செத்தவர்களின் ஆவிக்குப் பயந்து கட்டிய மாளிகை என்ற பேய்க்கதைக்கு ஆதாரம் இன்னும் மெலிசு.

கட்டடம்: இதில் வின்செஸ்டரை அடிக்க ஆளில்லை. சுமார் 160 அறைகள், கூரையில் முட்டி நிற்கும் படிக்கட்டு, மாடியில் திறந்தால் அந்தரத்தில் கால்வைக்கும் கதவு.

ஒரு விஷயம்: இரண்டுமே மரவீடு. இரவு குளிரில் பலகை சுருங்கி 'டக்'கென்று முனகும். அதைக் காலடி என்று குறித்துக்கொள்ளக் கூடாது.

கருவியோடு உட்கார மிர்ட்டில்ஸ். பிள்ளைகுட்டியோடு என்றால் வின்செஸ்டர்.