எம்.எஸ்சி. வேதியியல்: மருந்து ஆலையா, நெட் தேர்வா, பள்ளி ஆசிரியர் வேலையா?

எம்.எஸ்சி. வேதியியல் முடிப்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் போகிறார்கள். பாடத்திட்டம் ஒன்றே என்றாலும் மூன்றுக்கும் அது ஒரே அளவில் கைகொடுப்பதில்லை.

பள்ளி வேலைக்குத்தான் அதிகம் உதவுகிறது. ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) நடத்தும் முதுகலை ஆசிரியர் தேர்வின் 150 மதிப்பெண்ணில் 110 பாடத்துக்கு. மீதியில் 30 கல்வியியல், 10 பொது அறிவு. சிக்கல் வேறு இடத்தில். பி.எட்.டுக்கு மேலும் இரண்டு ஆண்டு வேண்டும், அறிவிக்கையோ ஆண்டுதோறும் வருவதில்லை: 2019, 2021, அதற்குப் பிறகு 2025. இதை மட்டுமே நம்பிக் காத்திருப்பது ஆபத்து.

ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்குமான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வுக்குப் பாடம் போதும், பயிற்சி போதாது. மொத்தம் 200 மதிப்பெண். அதில் 100 'சி' பகுதிக்கு. அங்கே 60 கேள்விகளில் 25-க்கு விடை எழுதினால் போதும். சரியானால் 4, தவறானால் 1 போய்விடும். பல்கலைக்கழகத் தேர்வு 'வினைவழிமுறையை விளக்குக' என்று கேட்கும். நெட்டில் மூன்று படி வினையைக் கொடுத்து, கடைசி விளைபொருளின் முப்பரிமாண அமைப்பைக் கேட்பார்கள். மனப்பாடம் அங்கே உடைகிறது. இரண்டாம் செமஸ்டரிலிருந்தே பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்ப்பவர்களுக்குத்தான் வாய்ப்பு. ஜே.ஆர்.எஃப். என்னும் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000.

மருந்து ஆலையின் தரக்கட்டுப்பாட்டு (க்யூ.சி.) லேபுக்குப் போகிறவர்களைத்தான் நம் படிப்பு பெரிதும் கைவிடுகிறது. கல்லூரியில் உப்புப் பகுப்பாய்வும் கரிமக் கலவை பிரிப்பும், அங்கே கலவையை உயர் அழுத்தத்தில் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. கருவி. அதற்கு பஃபர் (அமில-கார நிலையை மாறாமல் காக்கும் உப்புக் கரைசல்) கலந்து, 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, கரைந்த காற்றை நீக்கி, கருவி நிலைப்பட்டதும் ஸ்டாண்டர்டை (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) ஐந்தாறு முறை செலுத்த வேண்டும். வரைபடத்தில் எழும் முகட்டின் (பீக்) பரப்பு முறைக்கு முறை எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் ஆர்.எஸ்.டி. பொதுவாக 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; தாண்டினால் சாம்பிளைத் தொட முடியாது. புதியவர்கள் பாஸ்பேட் பஃபர் ஓடிய பிரிகைக் குழாயில் நேராக அசிட்டோநைட்ரைல் என்னும் கரைப்பானை விடுவதுண்டு. உப்பு உள்ளேயே படிந்து, அழுத்தம் ஏறி, விலையுயர்ந்த குழாய் பாழாகும். இடையில் பஃபர் இல்லாத, தண்ணீர் மிகுந்த கலவையால் கழுவியிருந்தால் ஒன்றும் ஆகாது.

இதைவிட ஆழமாக ஊறியது ரெக்கார்டு நோட்டுப் பழக்கம். கல்லூரியில் ரஃப் தாளில் குறித்து, பிறகு அழகாக ஃபேர் காப்பி எழுதச் சொல்கிறோம். ஆலையில் அதுவே தணிக்கையில் மாட்டும் குற்றம். பார்த்த எண்ணைப் பார்த்த நொடியில் உரிய பதிவேட்டில் எழுத வேண்டும்; தவறாக எழுதிவிட்டால் அதன் மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் கையெழுத்து, தேதி, காரணம். வெள்ளை மை கூடவே கூடாது. இதைச் சொல்லிக்கொடுக்கக் கருவியே தேவையில்லை. எந்தக் கல்லூரியும் நாளைக்கே தொடங்கலாம்.

ஆலைக்குப் போக நினைப்பவர்கள் நான்காம் செமஸ்டர் புராஜெக்டைக் கருவியுள்ள இடத்தில் கேட்டு வாங்குங்கள். சேரும் முன்பே விசாரியுங்கள்: மாணவர்களே சாம்பிளைச் செலுத்துகிறார்களா, வெளியே அனுப்பி வரைபடத்தை மட்டும் வாங்கி ஒட்டுகிறார்களா?