பூல் டேபிளுக்குக் காசு வாங்குவது எப்படி? பல வருடம் கவுண்டரில் இருந்து பார்த்தது

ஆட்டத்துக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு, நாள் முழுக்க ஒரே கட்டணம், காசு போட்டால் பந்து விழும் டேபிள், நிமிடக் கணக்கு. பூல் (மேசையில் கோலால் பந்துகளைத் தட்டிக் குழியில் விழவைக்கும் ஆட்டம்) கிளப் கவுண்டரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. இப்போது எங்களிடம் ஓடுவது நிமிடக் கணக்கு. டேபிளுக்கு மேலே தொங்கும் விளக்கை மென்பொருளோடு இணைத்திருக்கிறோம். கவுண்டரில் டேபிளைத் திறந்தால் விளக்கு எரியும், கடிகாரம் ஓடும். மூடினால் விளக்கு அணையும், பில் வரும். இதை மாற்றும் எண்ணம் இல்லை. ஆனால் மென்பொருள் விற்பவர்கள் சொல்கிற அளவுக்கு எல்லாத் தலைவலியும் இதனால் தீர்ந்துவிடாது.

ஆட்டக் கணக்குதான் கேட்க நியாயமாக இருக்கும். தோற்றவர் காசு கொடுப்பார், அவ்வளவுதான். நடப்பு வேறு. எய்ட் பால் என்பது எட்டாம் எண் பந்தைக் கடைசியாக விழவைத்து வெல்லும் ஆட்டம்; முக்கோணமாக அடுக்கிய பந்துகள்தான் ரேக், ஒரு ரேக் என்றால் ஒரு ஆட்டம். நன்றாக ஆடுகிற இருவர் அப்படி ஒரு ரேக்கைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். புதிதாகக் கற்பவர்கள் அதையே அரை மணி நேரம் உருட்டுவார்கள். ஆக, நன்றாக ஆடுகிறவர் அதே ஒரு மணி நேரத்துக்கு மூன்று மடங்கு கொடுக்கிறார். வாரம் தவறாமல் வருகிறவரும் பெரும்பாலும் அவர்தான். அப்புறம், எண்ணுவது யார்? “நாலு ரேக்தான் அண்ணே” என்பார் ஒருவர். கவுண்டர் பையனின் நோட்டில் ஐந்து கோடு இருக்கும். பிரேக்கிலேயே (அடுக்கைச் சிதறடிக்கும் முதல் அடி) எட்டாம் பந்து விழுந்து மறுபடி ரேக் வைத்தால் அது ஒரு ஆட்டமா, இரண்டா? இதற்கெல்லாம் தீர்ப்பு சொல்லிக்கொண்டு கல்லாவில் உட்கார முடியாது.

காசு போடும் டேபிளில் எண்ணும் வேலையை இயந்திரமே பார்த்துக்கொள்ளும். விழுந்த வண்ணப் பந்துகள் உள்ளேயே தங்கிவிடும். கோலால் அடிக்கிற வெள்ளைப் பந்து மட்டும் திரும்பி வரவேண்டும் என்பதால் அதன் அளவையோ எடையையோ மாற்றியிருப்பார்கள், அல்லது உள்ளே காந்தத்தோடு ஒட்டும் உலோகம் வைத்திருப்பார்கள். எடை கூடின வெள்ளைப் பந்தை ஸ்க்ரூ அடித்து, அதாவது கீழ்ப்பக்கம் தட்டிச் சுழலவிட்டு, பின்னால் இழுப்பது சிரமம். ஆட்டம் தெரிந்தவர் ஒரே ஷாட்டில் கண்டுபிடித்துவிடுவார். சாப்பாட்டுக் கடையின் மூலையில் ஒற்றை டேபிள் என்றால் சரி, கிளப்புக்கு இது வேண்டாம்.

ஆளுக்கு இவ்வளவு என்பதில் எனக்கு அரை மனசுதான். தனியாகப் பயிற்சி செய்ய வருகிறவருக்குப் பாதிச் செலவு மிச்சம், அது நல்லது. நாலு பேர் கும்பலாக வந்தால்தான் சிக்கல். இரண்டு பேர் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு, “இவன் ஆடலை, சும்மா பார்க்க வந்திருக்கான்” என்பார்கள். திரும்பிப் பார்த்தால் பார்க்க வந்தவர் கையில் கியூ (ஆடும் கோல்) இருக்கும்.

சரி, நிமிடக் கணக்குக்கு வருவோம். விளக்கு இணைப்பின் பெரிய லாபம், ஊழியர் நண்பருக்கு இலவசமாக டேபிள் திறந்துவிட முடியாது. விளக்கு எரிந்தால் கணக்கிலும் ஏறியிருக்கும். ஆனால் ஜன்னலோரத்து டேபிளில் மதிய வெளிச்சமே போதும், விளக்கில்லாமலே ஆடலாம். அதனால் பந்துகளைத் தட்டில் அடுக்கிக் கவுண்டரிலேயே வைத்திருக்கும் பழைய வழக்கத்தை நாங்கள் விடவில்லை. தட்டு போனால் நேரம் தொடங்கும், திரும்பி வந்தால் முடியும். மென்பொருள் வாங்கியவர்கள் முதலில் கைவிடுவது இந்தத் தட்டைத்தான். நான் விடமாட்டேன்.

விளக்கு தானாக அணைகிற வசதியை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறேன். முன்பணம் கட்டிய நேரம் முடிந்ததும் அது அணைந்துவிடும். எட்டாம் பந்து மட்டும் பாக்கி, ஒருவர் குனிந்து கியூவை இழுத்துக் குறிபார்க்கிறார், அந்த நொடியில் இருட்டு. அதற்கப்புறம் அவரிடம் எந்த நியாயமும் எடுபடாது. இப்போது நேரம் முடிந்தால் திரையில் டேபிள் சிவப்பாகும், பையன் போய்ச் சொல்வான், ஐந்து நிமிடம் விட்டுக்கொடுப்போம். விட்டுக்கொடுக்கிற அந்த ஐந்து நிமிடத்தால் நஷ்டம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

மென்பொருள் வாங்கும்போது சோதிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மாலை 6 மணிக்குக் கட்டணம் கூடுகிறது, 5:30க்குத் தொடங்கியவர் 6:30க்கு முடிக்கிறார். பில் இரண்டாகப் பிரிந்து வரவேண்டும். முழு நேரத்துக்கும் கூடுதல் கட்டணம் போட்டு வந்தால் சண்டை நிச்சயம். ஆட்டத்தின் நடுவில் வேறு டேபிளுக்கு மாற்றிப் பாருங்கள். மின்சாரம் போய் வந்தால் ஓடிய நேரம் அழியாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பூல் டேபிள்களுக்குள் அளவை வைத்துக் கட்டணத்தைப் பிரிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. 7 அடிக்குக் குறைவு, 9 அடிக்கு அதிகம் என்று வைத்தால் மலிவானதற்கு வரிசை நிற்கும், நல்ல டேபிள் காலியாகக் கிடக்கும். ஸ்னூக்கர் (பெரிய டேபிளில் ஆடும் இன்னொரு பந்தாட்டம்) வேறு. 12 அடி ஸ்னூக்கர் டேபிளின் ஆடுபரப்பு 9 அடி பூல் டேபிளைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் கட்டணமும் இரண்டு மடங்கு என்று சிலர் வைக்கிறார்கள். ஆனால் கியூ வீச விடும் இடத்தையும் சேர்த்துப் பார்த்தால் 9 அடிக்கு 18க்கு 14 அடி, ஸ்னூக்கருக்கு 22க்கு 16 அடி. தரைப்பரப்பு 40 சதவீதம்தான் கூடுகிறது. வாடகை தரைக்குத்தானே கொடுக்கிறோம்? துணி விலை கூடுதல் என்பதையும் சேர்த்து ஒன்றரை மடங்குக்குப் பக்கத்தில் வைத்தேன், யாரும் முகம் சுளிக்கவில்லை.

நாள் கட்டணத்தை வார நாட்களின் பகல் பொழுதுக்கு மட்டும் வைத்திருக்கிறோம். அந்த நேரத்தில் டேபிள் சும்மா கிடப்பதைவிட யாராவது ஆடுவது மேல். ஒரு செலவு மட்டும் கண்ணில் படாமல் ஏறும்: நாள் முழுக்க பிரேக் மட்டுமே அடித்துப் பழகுகிறவர். ரேக்கின் முதல் பந்து உட்காரும் புள்ளியில் துணி தேய்ந்து சிறு குழியாகிவிடும். அப்புறம் பந்துகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்காது. அவரை எப்போதும் ஒரே டேபிளுக்கு அனுப்பிவிடுகிறேன், துணியும் அங்கே மட்டும் சீக்கிரம் மாறும்.

வார இறுதி இரவுகளில் ஆள் காத்திருந்தால் திறந்த கணக்கு (முடியும் நேரம் குறிக்காத நிமிடக் கணக்கு) கிடையாது. காத்திருப்போர் பட்டியலில் ஒரு பெயர் விழுந்துவிட்டால் அதற்கப்புறம் டேபிள் எடுக்கிற எல்லோருக்கும் ஒரு மணி நேரம், முன்பணம். பட்டியல் காலியானதும் பழையபடி நிமிடக் கணக்கு. இந்த மாற்றத்தை எங்கள் மென்பொருள் தானாகச் செய்யாது, கவுண்டரில் இருப்பவர்தான் கையால் மாற்ற வேண்டும்.