குடும்பமா, பீசோவா, விடுதியா? ஸ்பெயினுக்குப் படிக்கப் போகும் யாழ்ப்பாணப் பிள்ளை எங்கே தங்கலாம்

லண்டனுக்கோ பாரிசுக்கோ ரொறன்ரோவுக்கோ படிக்க வெளிக்கிடும் பிள்ளைக்கு எங்கே தங்குவது என்ற யோசனை பெரிதாக வராது. மாமா வீடு இருக்கும், இல்லாவிட்டால் சித்தியின் சிநேகிதி வீடாவது இருக்கும். ஸ்பெயினில் எங்கட ஆக்கள் குறைவு. வீட்டில் அம்மா அப்பாவுக்கு அது கவலை. ஸ்பானிஷ் படிக்கப் போகிறவருக்கு அதுவே பெரிய வாய்ப்பு. தமிழில் கதைத்தே காலத்தைக் கடத்த அங்கே வழியில்லை.

தங்குவதற்கு மூன்று வழிகள் உண்டு. ஸ்பானிஷ் குடும்பம் ஒன்றோடு சாப்பாட்டுடன் தங்கலாம். மூன்று நான்கு பேர் சேர்ந்து எடுக்கும் வீட்டில், அங்கே பீசோ என்பார்கள், ஓர் அறை எடுக்கலாம். அல்லது மாணவர் விடுதி. வாடகையை மட்டும் பார்த்தால் பீசோ வென்றுவிடும். வதிவிடப் பத்திரம், சாப்பாடு, நாளாந்தம் காதில் விழும் மொழி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எங்கள் கணிப்பு வேறு: முதல் ஆறு எட்டுக் கிழமை குடும்பம், அதன்பிறகு பீசோ. விடுதி ஒரு சிலருக்கு மட்டுமே பொருந்தும்.

பத்திர விடயத்தை முதலில் பார்ப்போம், ஏனென்றால் மொழியை விட அதுதான் முதல் மாதத்தில் ஆளை அலைக்கழிக்கும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்பு வீசாவுக்கு அனுமதிக் கடிதம், மருத்துவக் காப்புறுதி, வைத்தியச் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை, தங்குமிட ஆதாரம், செலவுக்குக் காசு இருப்பதற்கான சான்று எல்லாம் வேண்டும். காசுக்கான அளவுகோல் இப்பிரெம் என்ற அரச குறியீடு. அது மாதம் 600 யூரோ, ஆக பத்து மாதத்துக்கு 6000. பொலிஸ் அறிக்கையை வெளிநாட்டு அமைச்சின் கொன்சியுலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்தி, ஸ்பெயின் ஏற்றுக்கொள்ளும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஸ்பானிஷில் மாற்ற வேண்டும். அத்தாட்சிக்குக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை, யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே அந்தப் பிரிவின் கிளை இருக்கிறது.

தங்குமிட ஆதாரத்தில்தான் மூன்று வழிகளும் பிரிகின்றன. விடுதியும், பல்கலைக்கழக மொழி மையம் ஒழுங்குபண்ணும் குடும்பமும் கடிதம் தரும். பீசோ வீட்டுக்காரர் முகம் தெரியாத ஒருவருக்கு ஒப்பந்தம் எழுதுவது குறைவு. "நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், முற்பணத்தை அனுப்புங்கள், திறப்பைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று ஒருவர் அவசரப்பட்டால் அது பெரும்பாலும் களவு. படமும் வடிவாக இருக்கும், வாடகையும் ஊர் விலையை விடக் குறைவாக இருக்கும். நேரில் பார்க்காமல் பீசோவுக்கு ஒரு சதமும் அனுப்பக்கூடாது. இங்கே இருந்துகொண்டு அதை முடிவுசெய்ய வேண்டாம் என்பதும் அதனால்தான்.

போய் இறங்கி ஒரு மாதத்துக்குள் தியே எனப்படும் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இஎக்ஸ் 17 படிவம், 790-012 கட்டணச் சீட்டு, பாஸ்போட், படம். இவற்றோடு பல பொலிஸ் அலுவலகங்கள் பத்ரோன் சான்றிதழையும் கேட்கும். பத்ரோன் என்பது விதானையாரிடம் வதிவைப் பதிவதைப் போன்றது, ஆனால் நகரசபையில் நடக்கிறது. விடுதியில் நிர்வாகி ஒரு கடிதம் தந்தால் பதிவு முடிந்தது. பீசோவில் ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும், அல்லது வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சம்மதம் வேண்டும். வாடகை வருமானத்தை வரிக்குக் காட்டாத வீட்டுக்காரர் இதற்கு இழுத்தடிப்பார். குடும்பங்களிலும் சில, குறுகிய காலம் தங்குகிறவரைப் பதிய விரும்பாது. எனவே காசு கட்ட முன்னரே எழுத்தில் கேளுங்கள். "பதிய மாட்டோம்" என்று பதில் வந்தால் குடும்பத்தில் இருக்கும் காலத்தை மூன்று கிழமையாகக் குறைத்து, அதற்குள் பீசோ பிடிக்க வேண்டும். தியேவுக்கான நேரப்பதிவை இறங்கிய கிழமையே இணையத்தில் போட்டுவிடுங்கள். பெரிய நகரங்களில் இடம் கிடைப்பதே பெரிய பாடு. அட்டை கைக்கு வர முன் வீசா முடிந்து, நாட்டுக்கு ஒருக்கா வந்துபோக வேண்டி இருந்தால், மீள்வருகை அனுமதி என்று தனியான பத்திரம் எடுத்துக்கொண்டுதான் வெளிக்கிட வேண்டும்.

குடும்பம்

சலமன்கா போன்ற படிப்பு நகரங்களில் குடும்பத்தோடு தங்குவதற்கு நாளுக்கு ஏறத்தாழ 25 இலிருந்து 35 யூரோ. அரைச் சாப்பாடு என்றால் காலையும் இரவும். முழுச் சாப்பாடு என்றால் மத்தியானமும் சேரும். முழுச் சாப்பாட்டையே எடுங்கள். அங்கே மத்தியானச் சாப்பாடு இரண்டு மூன்று மணிக்கு, அதுதான் நாளின் பெரிய சாப்பாடு. இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்குப் பிறகு, இலேசாக இருக்கும். ஏழரைக்குப் புட்டுச் சாப்பிட்டுப் பழகிய வயிறு முதல் பத்து நாள் முறைப்பாடு செய்யும். பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு பாணும் பழமும் சாப்பிடும் வழக்கம் அவர்களிடமும் உண்டு, வெட்கப்படாமல் கேளுங்கள்.

சைவக்காரருக்கு ஒரு எச்சரிக்கை. "இறைச்சி சாப்பிட மாட்டேன்" என்று மட்டும் சொன்னால் போதாது. போஞ்சிக்குள் பன்றித் தொடைத் துண்டு கிடக்கும், பருப்புக்குள் சொரீசோ என்ற பன்றித் தொத்திறைச்சி இருக்கும், சலாட்டுக்கு மேல் ரின் சூரை மீன் தூவியிருக்கும். அவர்கள் வேண்டுமென்று செய்வதில்லை. அவற்றை இறைச்சி மீன் கணக்கில் சேர்ப்பதே இல்லை. கார்னே (இறைச்சி), ஹமோன் (பன்றித் தொடை), சொரீசோ, அத்தூன் (சூரை மீன்), கால்தோ என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டாம் என்றால்தான் விளங்கும். கடைசியில் சொன்னது இறைச்சி அவித்த சாறு, சூப்பில் ஒளிந்திருப்பது. நத்தார் நாட்களில் தரும் பொல்வொரோன் என்ற மாப் பலகாரத்தில் பன்றிக் கொழுப்பு இருக்கும். வெள்ளிக்கிழமையிலும் கந்தசஷ்டியிலும் விரதம் பிடிக்கிறவர்கள் அந்த நாட்களை முன்கூட்டியே கலண்டரில் குறித்துக் கொடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை. உருளைக்கிழங்கு முட்டை ஒம்லெற் அங்கே எந்த வீட்டிலும் கைவசம், முட்டை சாப்பிடுகிறவர் தப்பிவிடுவார்.

மொழிக்கு இந்தச் சாப்பாட்டு மேசைதான் பலம். ஒரு மணித்தியாலம் எழும்பாமல் இருந்து கதைப்பார்கள். பிழையாகச் சொன்னால் வீட்டுக்கார அம்மா அதே வசனத்தைச் சரியாகத் திருப்பிச் சொல்லுவார், காசு கொடுத்தாலும் கிடைக்காத திருத்தம். ஆனால் இரண்டு மாதத்துக்குப் பிறகு முன்னேற்றம் நின்றுவிடும். காரணம், உங்கள் மட்டம் என்ன என்பது அவர்களுக்குப் பிடிபட்டுவிடும். உங்களுக்கு விளங்கும் சொற்களாலேயே கதைப்பார்கள், காலநிலை, சாப்பாடு, தொலைக்காட்சிச் செய்தி என்று கதையும் ஒரே வட்டத்துக்குள் சுற்றும். மாறுவதற்கு அதுதான் நேரம்.

பீசோ

சலமன்காவிலும் கிரனாடாவிலும் ஓர் அறை 300 யூரோவுக்கு அங்காலே இங்காலே. மட்ரிட்டிலும் பார்சலோனாவிலும் 500 ஐத் தாண்டுவது சாதாரணம். மேலே சொன்ன 600 யூரோ அளவுகோல் மட்ரிட்டில் வாடகைக்கே கரைந்துவிடும் என்பதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

1994 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி வசிக்கும் வீட்டுக்கு முற்பணம் ஒரு மாத வாடகை. பருவகால ஒப்பந்தம் என்றால் இரண்டு மாதம். மாணவர்களுக்கு செப்ரெம்பரில் இருந்து யூன் வரை என்று எழுதுவது அநேகமாகப் பருவகால ஒப்பந்தம்தான். போகிற அன்றே சுவர், மெத்தை, சமையலறை எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். முற்பணத்தில் கைவைக்க அவர்கள் காட்டும் முதல் காரணம் சுவரில் படியும் கறுத்தப் பூஞ்சணம். எங்கட சமையல் அதற்கு நல்ல துணை. மாரியில் யன்னலைப் பூட்டிவிட்டுப் புட்டும் இடியப்பமும் அவித்தால் நீராவி குளிர்ந்த சுவரில் போய்த் தண்ணியாகப் படியும், இரண்டு மாதத்தில் அந்த மூலை கறுத்துவிடும். அவித்து முடிந்ததும் பத்து நிமிடம் யன்னலைத் திறந்துவிடுங்கள், எவ்வளவு குளிர் என்றாலும்.

கரண்ட் விடயம் இன்னும் முக்கியம். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் எவ்வளவு எடுக்கலாம் என்று ஒப்பந்த அளவு உண்டு. சின்ன வீடுகளில் 3.45 கிலோவாற் என்பது வழமை. அறைக்குள் 2000 வாற் ஹீற்றர், சமையலறையில் 700 வாற் றைஸ் குக்கர்: 2700. அந்த நேரம் பார்த்து ஒருவர் குளித்து, 1500 வாற் தண்ணிச் சூடாக்கி வேலைசெய்யத் தொடங்கினால் 4200. முழு வீடும் இருளும், எல்லாரும் உங்கள் குக்கரைத்தான் பார்ப்பார்கள். மணித்தியாலக் கணக்கில் விலை மாறும் இணைப்பு என்றால் நள்ளிரவு தொடக்கம் காலை எட்டு வரையும் சனி ஞாயிறு முழுக்கவும் மலிவு. காலை பத்து முதல் இரண்டு, பின்னேரம் ஆறு முதல் பத்து வரை விலை கூட.

அடுப்பையும் கேட்டுக்கொள்ளுங்கள். இண்டக்ஷன் என்றால் அலுமினியத் தாச்சியும் மண்சட்டியும் வேலைசெய்யாது. கண்ணாடித் தட்டு அடுப்பில் அடி தட்டையான எந்தப் பாத்திரமும் சரி. பழைய வீடுகளில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர்தான், எங்கட அளவுதான். குளிக்கும் தண்ணியும் அதிலேயே சூடாகும், ஆகவே சிலிண்டர் தீர்வது யாரோ ஒருவர் தலையில் சோப்போடு நிற்கும்போதுதான். இங்கிருந்து கிறைண்டர் கொண்டுபோகலாம், மின்னழுத்தம் ஒன்றுதான், பிளக்குக்கு மட்டும் மாற்றி வேண்டும்.

பெட்டியில் வறுத்து இடித்த யாழ்ப்பாணக் கறித்தூள் கட்டாயம் போகட்டும். அங்கே பிமென்தோன் என்று விற்கும் சிவப்புத் தூள் பெரும்பாலும் உறைக்காது, நிறத்துக்கும் புகை மணத்துக்கும்தான். ஆனால் பச்சைக் கருவேப்பிலை கொண்டுபோனால் தாவரச் சான்றிதழ் இல்லாமல் பறித்துவிடுவார்கள். இறைச்சி, பால் பொருட்களும் விடமாட்டார்கள். கருவாட்டுக்குச் சட்டத்தில் தடை இல்லை, மீன் பொருட்கள் 20 கிலோ வரை கொண்டுபோகலாம். சட்டம் விட்டாலும் சக வாசிகள் விடார்கள்: ஸ்பானிஷ் அடுக்குமாடிகளில் சமையலறை யன்னல்கள் எல்லாம் ஒரே உள்முற்றத்தைப் பார்த்துத் திறக்கும், கீழ்வீட்டுப் பொரியல் மேல்வீட்டுக் கொடியில் காயும் உடுப்பில் ஏறும்.

இத்தனை தொல்லைக்கும் பீசோவை ஏன் சொல்கிறோம்? ஆர் குப்பை கொட்டுவது, ஆர் பாத்திரம் கழுவாமல் விட்டது என்று சண்டை பிடிக்க ஸ்பானிஷ் வேண்டும். "நீ நேற்றே செய்வாய் என்று நினைத்தேன்" என்ற ஒரு வசனத்துக்குள் வகுப்பில் மாதக்கணக்கில் படிக்கிற இறந்தகாலமும் நிபந்தனை வடிவமும் வந்துவிடும். ஆனால் கூட இருப்பவர்கள் ஸ்பானிஷ் பிள்ளைகளாக இருக்க வேண்டும். எராஸ்மஸ் என்ற பரிமாற்றத் திட்டத்தில் வேறு ஐரோப்பிய நாடுகளில் இருந்து வந்த மூன்று மாணவர்கள் இருக்கும் வீட்டில் சமையலறை மொழி ஆங்கிலம். அந்த வீடு எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம். இதேயலிஸ்தா (Idealista) என்ற வாடகை வீட்டுத் தளத்தில் விளம்பரம் பார்த்து எழுதும்போது நான்கு கேள்வி கேளுங்கள்: மே புவேதோ எம்பத்ரோனார் (பத்ரோனில் பதியலாமா); ஆர் ஆர் இருக்கினம், எந்த ஊர்; கரண்ட், தண்ணி, இணையம் வாடகைக்குள்ளா; சூடாக்கல் மத்திய முறையா, அறை ஹீற்றரா.

விடுதி

கொலேஹியோ மயோர் எனப்படும் பல்கலைக்கழக விடுதிகள் மட்ரிட்டில் மாதம் 1000 யூரோவைத் தாண்டுவது வழமை. சாப்பாடு உண்டு, காவல் உண்டு, கடிதங்கள் உடனே கிடைக்கும். சமையலறை அநேகமாக இல்லை, அறைக்குள் குக்கர் வைக்க விடார்கள், பல இடங்களில் ஞாயிறு இரவுச் சாப்பாடும் இல்லை. முழுக் கல்வியாண்டுக்கும் ஒப்பந்தம் என்பதால் இடையில் விட்டால் காசு போகும். புதியவர்களைப் பகிடிவதை செய்யும் வழக்கம் அங்கேயும் இருந்தது. 2022 ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சகவாழ்வுச் சட்டம் அதை மிகக் கடும் ஒழுக்க மீறலாக வைத்திருக்கிறது. புலமைப்பரிசில் விடுதிச் செலவையும் தாங்கினால் எடுங்கள். ஒரே ஒரு தவணைக்குப் போய், பத்திர அலைச்சலே வேண்டாம் என்கிறவருக்கும் சரி.

நகரத்தைப் பொறுத்தும் இந்தக் கணக்கு மாறும். கிரனாடாவில் வாடகை மலிவு, ஆனால் சொல்லின் கடைசி ச ஒலியை விழுங்கிக் கதைப்பார்கள். ஒலிப்பதிவு கேட்டுப் படித்த காதுக்கு முதல் மாதம் ஒன்றும் விளங்காது. அங்கே குடும்பக் காலத்தை எட்டுக் கிழமைக்குக் கீழே குறைக்க வேண்டாம். சலமன்காவில் உச்சரிப்புத் தெளிவு, ஆறு கிழமை போதும். பார்சலோனாவில் வீட்டுமொழி கத்தலானாகவும் இருக்கலாம், குடும்பம் கேட்கும்போது அதையும் விசாரியுங்கள். கிரனாடாவும் சலமன்காவும் 700, 800 மீற்றர் உயரத்தில் இருப்பதால் தை மாத இரவுகள் உறைநிலையைத் தொடும். மத்திய சூடாக்கல் உள்ள வீட்டுக்கு மாதம் 40 யூரோ கூடக் கொடுத்தாலும் ஹீற்றர் கரண்ட் செலவோடு பார்த்தால் நட்டமில்லை.

செப்ரெம்பர் தொடக்கத்தில் போகிறவர் ஒக்ரோபர் நடுவில் பீசோ தேடினால் நல்ல அறைகள் போயிருக்கும். அதனால் குடும்பத்தில் இருந்துகொண்டே செப்ரெம்பர் கடைசியில் பார்த்து, ஒக்ரோபர் நடுவில் குடிபோகிறதாகப் பேசி வையுங்கள். மாசியில் போகிறவருக்கு இலேசு, முதல் தவணையோடு திரும்பும் எராஸ்மஸ் பிள்ளைகளின் அறைகள் தைக் கடைசியில் காலியாகும்.