ஊறப்போடுவதா, விலைக்கு வாங்குவதா?

அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரி வீரர்களை என்எஃப்எல் (அங்குள்ள தொழில்முறை லீக்) அணிகள் சுற்றுச் சுற்றாக முறைவைத்து எடுப்பதற்குப் பெயர் டிராஃப்ட். முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் முறை.

கிரீன் பே பேக்கர்ஸ் இதை நம்பியே பிழைக்கும் அணி. 2005இல் 24ஆவது ஆளாக ஆரோன் ராஜர்ஸை எடுத்தார்கள்; ஆட்டத்தை நடத்திப் பந்தை எறியும் குவாட்டர்பேக் அவர். எடுத்ததும் இறக்கிவிடவில்லை; அப்போது அந்த இடத்தில் ஆடிய பிரெட் ஃபாவ்ருக்குப் பின்னால் மூன்று சீசன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். 2008இல் அணி அவர் கைக்கு வந்தது, 2010 சீசனில் சூப்பர் பவுல் எனும் இறுதியாட்டத்தில் வெற்றி. அப்புறம் 2020இல் எடுத்த குவாட்டர்பேக் ஜோர்டன் லவ்வையும் இதேபோல மூன்று வருடம் ஊறப்போட்டார்கள். எனக்குப் பிடித்தது இந்த வழிதான், ரசிகனாக இருந்தால் பொறுமை போய்விடும் என்றாலும்.

லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் நேர் எதிர். 2017 முதல் 2023 வரை முதல் சுற்றில் ஒருவரைக்கூட எடுக்கவில்லை. 2021இல் மேத்யூ ஸ்டாஃபோர்டு என்ற அனுபவமுள்ள குவாட்டர்பேக்குக்காகத் தங்கள் குவாட்டர்பேக் ஜாரெட் காஃபையும், டிராஃப்டில் இரண்டு முதல் சுற்று வாய்ப்புகளையும், ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பையும் வேறு அணிக்குக் கொடுத்தார்கள். அந்த சீசனே கோப்பை. அடுத்த சீசன்? 5 வெற்றி, 12 தோல்வி.

ஒரு வேடிக்கை: கோப்பை வென்ற அந்த இறுதியாட்டத்தில் ஒன்றரை நிமிடம்கூட மிச்சமில்லாதபோது, எல்லைக்குள் பந்தைப் பிடித்து வெற்றிப் புள்ளிகளை (டச் டவுன்) எடுத்த கூப்பர் கப், 2017இல் மூன்றாம் சுற்றில் ராம்ஸே எடுத்து வளர்த்த ஆள்.